ஆந்தைக்கு ஏன் கேட்கவில்லை?

காட்டு நீதிமன்றத்தில் அன்றைக்குப் பெரிய கூட்டம். மான் வந்திருந்தது, காட்டுப்பன்றி வந்திருந்தது, மரங்கள்கூட வந்து நின்றன. நடுவில் உயரமான கதிரையில் நீதிபதி ஆந்தை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் ஆந்தை வேறென்ன செய்யும்?

பின்பக்கமிருந்து சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வந்தது.

"நீதிபதி அவர்களே!" என்று கூப்பிட்டது.

ஆந்தை அசையவில்லை.

"நீதிபதி அவர்களே!"

அப்போதும் அசையவில்லை. சிறுத்தைக்குப் பொறுமை போய்விட்டது. வாலைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தது.

"ஏய் டிலானி! எழும்பு புள்ள!"

மானும் பன்றியும் மரங்களும் விழுந்து விழுந்து சிரித்தன.

பலகை அதிர்ந்ததில் கண்ணைத் திறந்த டிலானிக்கு எல்லோருடைய வாயும் அசைவது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. அவளுடைய கை தானாகவே வலது காதுக்குப் பின்னால் போனது. அங்கே முந்திரிப் பருப்பு அளவில் அவளுடைய காது மெஷின் இருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் போகும். மெஷின் வேலை செய்தால் கூரையில் மழை விழுவதும் கேட்கும், தோழி அனுஷியா கிசுகிசுக்கும் ரகசியமும் கேட்கும். அது நின்றுவிட்டால் பெரிய இடி இடித்தால்தான் உண்டு.

சற்று முன்புதான் மெஷின் 'டிங், டிங்' என்று மணி அடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லும் மணி அது. ஆனால் அந்தப் பேட்டரியை அன்று காலையில்தான் புதிதாகப் போட்டிருந்தாள்!

நாடகத்தைப் பழக்கிக்கொண்டிருந்த றமீலா டீச்சர் டிலானிக்கு நேரே வந்து நின்றார். டிலானியிடம் பேசும்போது அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். உதடு அசைவதைப் பார்த்து டிலானி பாதியைப் புரிந்துகொள்வாள்.

"திரும்பவும் நிண்டுட்டா மகள்?"

"ஆமா டீச்சர். நான் கண்ணைக் கொஞ்சமாத் திறந்து வச்சுக்கவா?"

"தூங்குற ஆந்தை முழிச்சுப் பாத்துட்டு இருந்தா அது என்ன தூக்கம்? அதோட, சிறுத்தை பின்னாலதானே வருது."

ஆறாம் ஆண்டின் மிகச் சத்தமான பையனான கணேஸ்தான் சிறுத்தை. அவனிடம் எதற்கும் ஒரு யோசனை இருக்கும்.

"நான் வர்றப்போ தொம்முன்னு கால மிதிக்கிறேன் டீச்சர். பலகை அதிர்றதுல அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"சிறுத்தை தொம்முன்னு நடக்குமா? அது யானை" என்றாள் மரமாக நின்ற அனுஷியா.

"கண்டியில சீமெந்து மேடை. நீங்க மிதிச்சா உங்கட கால்தான் நோகும்" என்றார் டீச்சர்.

கண்டியில் தமிழ்த்தின நாடகப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மடுல்கெல்லப் பாடசாலை முதல் முறையாக நாடகம் கொண்டுபோகிறது. றமீலா டீச்சர் டிலானியின் தோளில் கை வைத்தார்.

"போட்டிக்கு முன்னம் மெஷின் சரிவராட்டி ஆந்தைய அனுஷியாவுக்குத்தான் குடுக்கணும் மகள். எனக்கு மனசே இல்ல. ஆனா எல்லாருட நாடகமும் நிண்டுடுமே."

டிலானி தலையை ஆட்டினாள். டீச்சர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் அழுகை வராமலா போகும்? போன வருடம் அவளுக்கு நிலா வேடம். அதற்கு முந்திய வருடம் அவள் திரை இழுத்தாள். நிலாவும் பேசாது, திரையும் பேசாது. இந்த ஆந்தைக்குத்தான் பக்கம் பக்கமாக வசனம் இருந்தது. "தேயிலைத் தோட்டத்துக்கு வேலி போட்டு என் பாதையை மறித்துவிட்டார்கள்" என்று சிறுத்தை முறையிட, ஆந்தை தீர்ப்புச் சொல்ல வேண்டும். டிலானிக்கு அந்தத் தீர்ப்பு தூக்கத்திலும் மறக்காது.

வீட்டுக்குப் போகும் வழியில் அனுஷியா அவள் முன்னால் வந்து, பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசினாள்.

"எனக்கு ஆந்தை வேணாம். மரந்தான் சொகம். வசனமும் இல்ல, பயமும் இல்ல. நீ எப்படியாச்சும் மெஷினச் சரி பண்ணு."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு தேயிலைச் செடியில் மோதி விழுந்தாள்.

டிலானியின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மடுல்கெல்ல மழையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அது மேலிருந்து பெய்யும், பக்கவாட்டில் பெய்யும், சில நாளில் மூடுபனிக்குள் ஒளிந்துகொண்டும் பெய்யும். அதனால் அந்த வீட்டில் நனையக் கூடாத எதுவும் பொலித்தீனுக்குள்தான் வாழ்ந்தது. அடையாள அட்டை பொலித்தீனுக்குள். தீப்பெட்டி பொலித்தீனுக்குள். போன் ஒரு பொலித்தீனுக்குள், அதற்கு மேல் இன்னொரு பொலித்தீனுக்குள். டிவி ரிமோட்டை யாரும் மழையில் கொண்டு போகப் போவதில்லை. ஆனாலும் அதற்கும் ஒரு பொலித்தீன்.

மழைக்காலம் தொடங்கியதும் காது மெஷினுக்கும் பொலித்தீன் வந்துவிட்டது. மெஷினின் கீழ்ப்பாதியில்தான் பேட்டரி இருக்கும் சின்னக் கதவு இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் அந்த வழியாகத்தான் புகும் என்று அம்மா கண்டுபிடித்தார். மழை பெய்யும் காலைகளில், வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும், அந்தக் கதவைச் சுற்றி பொலித்தீனை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிவிடுவார். வெயில் நாளில் சுற்றமாட்டார்.

"மழத் தண்ணி எங்கயோ உள்ள போகுது" என்றார் அம்மா அன்று மாலை. "வெயில் அடிச்ச நாள்ல ஒழுங்காத்தானே வேல செஞ்சுச்சு? மழ பெஞ்சாத்தான் நிக்குது. பாத்துக்க."

அது உண்மைதான். டிலானியும் யோசித்துப் பார்த்தாள். மெஷின் நின்றதெல்லாம் மழை நாளில்தான்.

மறுநாள் அம்மா இரண்டு சுற்றுச் சுற்றினார். அன்று முதல் பாடம் முடியும் முன்பே 'டிங், டிங்'.

அதற்கு மறுநாள் பொலித்தீனுக்கு மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரையும் ஒட்டினார். அன்று காலைக் கூட்டத்தில் தேவாரம் முடியவே இல்லை, 'டிங், டிங்'.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. தீர்ந்த பேட்டரிகளை மண்ணில் எறியக் கூடாது, கிளினிக்கில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டிலானி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். புதுப் பேட்டரியின் முதுகில் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கரை உரித்தால்தான் அது வேலை செய்யும். உரித்த ஸ்டிக்கர்களைத் தன் பென்சில் பெட்டியில் வரிசையாக ஒட்டி வைப்பாள். ஒரு நாள் அவசரத்தில் புதுசு என்று நினைத்து டின்னிலிருந்த பழைய பேட்டரியை எடுத்துப் போட்டுவிட்டாள்.

அது வேலை செய்தது!

"செத்த பேட்டரி எப்படி எழும்பும்?" என்று அனுஷியா கேட்டாள்.

"பேய் பூந்துருக்கும்" என்றான் கணேஸ். "நைட்ல டின்ன ஆட்டிப் பாரு, கத்தும்."

அந்தப் பேட்டரியும் அம்மா சுற்றிய பொலித்தீனுக்குள் சற்று நேரத்தில் ஓய்ந்துபோனது. ஆனால் டிலானி அதை மறக்கவில்லை. தீர்ந்த சோறு மறுநாள் சட்டியில் திரும்ப வருமா? வராது. அப்படியென்றால் அந்தப் பேட்டரி தீரவே இல்லையோ?

போட்டிக்கு முந்திய வாரம் பாடசாலையிலிருந்து கண்டிக்கு விஞ்ஞானக் கண்காட்சி பார்க்கப் போனார்கள். காலையிலேயே நல்ல மழை. "கண்டிக்குப் போற புள்ளைக்கு எல்லாம் கேக்கணும்" என்று அம்மா அன்றைக்கு மூன்று சுற்றுச் சுற்றிப் பிளாஸ்டரும் ஒட்டினார். பஸ் வத்தேகமத்தைத் தாண்டும்போதே மெஷின் மணி அடித்துவிட்டது. பஸ் முழுக்கப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். டிலானி ஜன்னலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்காட்சி மண்டபத்தில் ஒரு மேசைக்கு முன்னால் கூட்டம் அதிகம். வெள்ளைக் கோட்டும் பச்சை நிற முக்காடும் அணிந்த அக்கா ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருந்தார். கோட்டில் 'பஸ்லினா' என்று எழுதியிருந்தது. மேசையில் சோப்புப் பெட்டி அளவில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும் கறுப்பாக இருந்தது. அதிலிருந்து போன இரண்டு வயர்கள் ஒரு சின்ன விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

அக்கா என்ன சொல்கிறார் என்று டிலானிக்குப் புரியவில்லை. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பேசியதால் உதட்டசைவையும் பிடிக்க முடியவில்லை. ஆகவே டிலானி விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணேஸ் கேட்டுக்கொண்டே மேசையில் சாய்ந்தான். அவனுடைய புத்தகப் பை கறுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. விசிறி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுபோனது.

பஸ்லினா அக்கா கணேஸின் பையைப் பிடித்து நகர்த்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் விசிறி ஒரு தரம் நடுங்கியது, பிறகு சுற்றத் தொடங்கியது.

மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். டிலானி நகரவில்லை. சுவரை மூடினால் நிற்கிறது. திறந்தால் சுற்றுகிறது. புதுப் பேட்டரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அவள் விரல் காதுக்குப் பின்னால் போனது. பொலித்தீனும் பிளாஸ்டரும் கையில் தட்டுப்பட்டன.

மண்டபத்து மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, நகத்தால் பிளாஸ்டரைக் கிளப்பினாள். நூலை அவிழ்த்தாள். பொலித்தீனை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். மெஷினின் சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு கதவை மூடிக் காதில் மாட்டினாள்.

ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை.

திடீரென்று உலகம் திரும்பி வந்தது! காலடிச் சத்தம், கதிரை இழுபடும் சத்தம், எங்கோ ஒரு குழந்தை அழுவது, எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே 'ர்ர்ர்ர்' என்று அந்தச் சின்ன விசிறி சுற்றும் சத்தமும் கேட்டது. 

ஓடிப்போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. திரும்ப ஒருக்காச் சொல்லுவீங்களா?"

பஸ்லினா அக்கா அவளுடைய காதைப் பார்த்தார். பிறகு குனிந்து, முகத்துக்கு நேரே வந்தார்.

"ஏன் சொல்லாம? இது ரீசார்ஜ் பண்ற பேட்டரி. உள்ளுக்கு துத்தநாகத் தகடு ஒண்டு இரிக்கு. அதோட சேர்ந்து வேல செய்ய காத்துல இரிக்கிற ஒட்சிசன் வேணும். ஆனா ஒட்சிசன் சரியான சோம்பேறி. தட்டி எழுப்புறதுக்கு ஒராள் வேணும். அந்தாள்தான் இந்தக் கறுப்புச் சுவர். என்னத்தால செஞ்சது தெரியுமா? தேங்காய்ச் சிரட்டைக் கரி."

"கரியா!" அனுஷியாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்த கணேஸ் வாயைப் பிளந்தான். "எங்க வீட்டு அடுப்புல மூட்டை மூட்டையா இருக்கே."

"இது கொஞ்சம் படிச்ச கரி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இதுல நெறைய இரிக்கு. காத்து அதுக்குள்ளால வரும். கரி வேலைய வேகப்படுத்தும், ஆனா தான் செலவாகாது. அப்பிடியான சாமான ஊக்கி எண்டு சொல்லுவம்."

"எங்க கிளாஸ் மொனிட்டர் மாதிரி" என்றான் கணேஸ். "எங்கள வேல வாங்குவான், அவன் அப்படியே இருப்பான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி. ஆனா இந்த மொனிட்டருக்கு ஒரு கஷ்டம் இரிக்கு. சார்ஜ் பண்ற நேரம் இதே கரி ஒட்சிசன வெளிய விடணும். அப்ப கரியே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போகுது. அரிக்காம நிக்கிற கரியத் தேடித்தான் நாங்க மினக்கெடுறம். அது கெடச்சா பகல் வெயில்ல வார கரண்ட இரவைக்கு எடுத்து வெச்சுக்கலாம்."

டிலானி தன் மெஷினைக் கழற்றி, கதவைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"அக்கா, இந்தப் பேட்டரியும் காத்து வாங்குதா?"

பஸ்லினா அக்காவின் கண் விரிந்தது. டிலானி மெஷினை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"ரெண்டும் ஒரே குடும்பம் மகள்! புதுசு போடக்குள்ள ஸ்டிக்கர் ஒண்டு உரிப்பீங்கதானே? அதுக்குக் கீழ சின்ன ஓட்டை இரிக்கும். அதாலதான் மூச்சு வாங்கும். இதுவும் உள்ளுக்குக் கரி வெச்சுத்தான் வேல செய்யுது. ரீசார்ஜ் பண்ண மட்டும் ஏலாது. இத உங்களுக்கு யார் சொன்னது?"

"விசிறி."

டிலானி கையிலிருந்த பொலித்தீனையும் நூலையும் பிளாஸ்டரையும் நீட்டினாள். கணேஸ் சிரிக்க வாயெடுத்தான். அனுஷியா அவன் காலைத் தொம்மென்று மிதித்தாள்.

பஸ்லினா அக்கா பொலித்தீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நேர்த்தியாக் கட்டியிரிக்காங்க! ஒரு சொட்டுத் தண்ணி போகாது. யார் கட்டினது?"

"எங்க அம்மா" என்றாள் டிலானி. "மழையில நனையக் கூடாதுன்னு."

"அம்மா சொன்னதும் சரிதான். மெஷினுக்குத் தண்ணி கூடாது. காத்தும் வேணும், தண்ணியும் போகக் கூடாது. அதுக்கு வழி பாக்கணும்."

புறப்படும்போது டிலானி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காதுக்கு இந்த மாதிரி கரி வச்சு, சார்ஜ் பண்ற பேட்டரி எப்ப வரும் அக்கா?"

"சொல்லத் தெரியல்ல. கரி இன்னும் படிச்சு முடிக்கல்ல. நானும்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் டிலானிக்குப் பாட்டு முழுக்கக் கேட்டது. ஆனால் அவள் பாடவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

விடிந்தும் விடியாத குளிரில், விறைத்த விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு அம்மா அந்த நூலைக் கட்டுவார். மெஷின் நிற்க நிற்க, இன்னும் கவனமாக, இன்னும் இறுக்கமாகக் கட்டினார். "அம்மா, எல்லாம் உன்னாலதான்" என்று போய்ச் சொல்ல முடியுமா? சொல்லாமலும் இருக்க முடியாது. நாளைக்கும் மழை பெய்யுமே!

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவும் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தார். தலையிலிருந்து முதுகுவரை தொங்கிய பொலித்தீனைக் கழற்றி உதறினார். இடுப்பில் கட்டியிருந்த, தண்ணீர் புகாத படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்பக்கம் முகமும் கைகளும் திறந்தபடியே இருந்தன. டிலானி அதையே பார்த்தாள். சட்டென்று அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

"அம்மா, மழையில இந்தப் பொலித்தீனத் தலையில மட்டுந்தானே போட்டுக்கிற?"

"ஆமா."

"பெரிய பைக்குள்ள முழுசா எறங்கி, மேல வாயைக் கட்டிக்கிட்டா ஒரு சொட்டும் நனைய மாட்டியே?"

"நல்லாக் கேட்ட போ! மூச்சு முட்டிச் செத்துல்ல போயிருவேன்?"

அம்மா சிரித்தார். டிலானி சிரிக்கவில்லை. மெஷினையும், அதைச் சுற்றியிருந்த பொலித்தீனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அம்மா ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றுபோனது.

"இதுக்கும் மூச்சு வேணுமா, கண்ணு?"

டிலானி தலையாட்டினாள். மெஷினை மாட்டிக்கொண்டு, விசிறி நின்றதையும் சுற்றியதையும், கரியையும், ஸ்டிக்கருக்குக் கீழே இருக்கும் ஓட்டையையும் சொன்னாள். பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய பேட்டரி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். செத்ததாக நினைத்த பேட்டரி உயிரோடுதான் இருந்தது.

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாந்தான் தெனமும் அதோட கழுத்த நெரிச்சேனா? ஐயோ, எம்புள்ளைக்குக் கேக்கக் கூடாதுன்னு நானே…"

"அப்படி இல்லம்மா!" டிலானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கட்டலைன்னா மெஷினே தண்ணி பூந்து கெட்டுருக்கும். அந்த அக்கா பாத்துட்டு, எவ்வளவு நேர்த்தியாக் கட்டியிருக்காங்கன்னு சொன்னாங்க. நெசமா. நீ மழையை நிப்பாட்டுன. கூடவே காத்தும் நின்னுருச்சு, அவ்வளவுதான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, மழைத் தண்ணீரா என்று டிலானி கேட்கவில்லை.

"சரி, மழ நாளைக்கும் பெய்யும். அதுக்கு என்னா செய்றது?"

"உன்னை மாதிரியே அதுக்கும் தலையில ஒண்ணு போட்டுவிடு. பை வேணாம். கூரை போதும்."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பழைய படங்கின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். மெஷினின் தலையில் கூரை போல மடித்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட்டு, ஓரத்தில் இரண்டு தையல் போட்டார். முதலில் செய்தது பெரிதாகிக் காதையே மூடியது. அடுத்தது டிலானி சொன்ன அளவில் சின்னதாக அமைந்தது. மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். அதற்கு முன் மெஷினை எடுத்துவிட்டு அம்மாவின் சுண்டுவிரலை உள்ளே வைத்தார்கள். விரல் நனையவில்லை. குனிந்து ஊதினால் காற்று மட்டும் சுகமாக உள்ளே போனது.

திடீரென்று அம்மா எழுந்து அலுமாரியிடம் ஓடினார். இரண்டு பொலித்தீனையும் கிழித்துப் போனை வெளியே எடுத்தார்.

"என்னம்மா?"

"இதுக்கும் மூச்சு முட்டுமே!"

"இல்லம்மா, அது வேற பேட்டரி. அது காத்து வாங்காது."

அம்மா சந்தேகத்தோடு போனைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொலித்தீனை மட்டும் திரும்பப் போட்டார்.

அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாளும் மழை. மெஷின் ஒரு முறைகூட மணி அடிக்கவில்லை. ஒத்திகையில் ஆந்தை முதல் கூப்பாட்டிலேயே விழித்துக்கொண்டது. றமீலா டீச்சர் டிலானியின் தலையில் இறகுக் குல்லாயைத் தானே மாட்டிவிட்டார். அனுஷியா தன் கிளைகளை எல்லாம் ஆட்டிக் கைதட்டினாள்.

போட்டி நாளில் கண்டியிலும் மழை. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை. புதுச் சேலை உடுத்து, பொலித்தீன் சுற்றிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. மான் வந்தது, பன்றி வந்தது, மரங்கள் வந்தன. ஆந்தை கண்ணை மூடித் தூங்கியது. சிறுத்தை பின்னாலிருந்து பதுங்கி வந்தது.

"நீதிபதி அவர்களே!"

ஆந்தை அசையவில்லை.

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

"நீதிபதி அவர்களே!" சிறுத்தையின் குரல் நடுங்கியது. திரைக்குப் பக்கத்தில் நின்ற றமீலா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மரம் காற்றே இல்லாமல் ஆடியது. அம்மா பாதி எழுந்துவிட்டார்.

"நீ… நீதிபதி அவர்களே?"

ஆந்தை முதலில் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றக் கண்ணைத் திறந்தது. திரும்பிச் சிறுத்தையைப் பார்த்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நாடகத்தில் இல்லாத ஒரு வசனத்தைச் சொன்னது.

"முதல் முறை கூப்பிட்டபோதே எனக்குக் கேட்டுவிட்டது, சிறுத்தையாரே. வழக்குப் போட வந்தவருக்குப் பொறுமை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்!"

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் டிலானியின் அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.